மண்ணீரலில் இருந்து ஓர் இழை

எக்ஸ்ரே இயந்திரம் ஓட மின்சாரத்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம் என்பது எனக்குச் சென்னையில்தான் தெரிந்தது. உள்ளே இருக்கும் குழாய் வேலை செய்கிற நேரமெல்லாம் கொதித்துக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டும். ஓட்டம் குறைந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். தொண்ணூறுகளின் நடுவில், கிண்டியில் நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வளாகத்தில், கோடை முழுக்க அது நின்று நின்றுதான் ஓடியது. விடிந்ததும் மயிலாப்பூரில் எங்கள் வீட்டு அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடங்களை மாடிக்கு ஏற்றுவேன். சமைத்து வைத்துவிட்டு பஸ் பிடித்துப் போய் இறங்கினால் எங்கள் ஆய்வுக்கூடத்தின் உதவியாளர் வாசலிலேயே நிற்பார். சைதாப்பேட்டையில் ஆற்றோரக் குடிசையிலிருந்து வருகிறவர்.

"மேடம், டாங்கு காலியா கீது. மெஷினு அப்பவே நின்னுடுச்சு" என்பார்.

நான் பையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்காருவேன். கோபம்கூட வராது. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து, முப்பதைத் தாண்டிய பிறகு, முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள் நான். என் வேலை அமிலாய்டு என்ற பொருளைப் பற்றியது. நம் உடம்பில் புரதங்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வடிவத்தில் மடிந்து இருக்கின்றன. அதில் சில, ஏதோ காரணத்தால் மடிப்பு குலைந்து, வேறு விதமாக நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏணிப்படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போவதுபோல அவை குறுக்காக அடுக்கிக்கொண்டு, நீளமான இழையாகிவிடும். அந்த இழை கரையாது. உடம்பால் அதைச் சுலபமாக அப்புறப்படுத்தவும் முடியாது. சிலருக்கு அது மூளையில் சேரும், சிலருக்கு இதயத்தில், சிலருக்குச் சிறுநீரகத்தில். வெவ்வேறு நோய்களில் வெவ்வேறு புரதங்கள் இப்படி ஆகின்றன. ஆனால் இழையின் அடிப்படைக் கட்டு மட்டும் ஒரே மாதிரி இருப்பதாகச் சொன்னார்கள். அதைப் படம் பிடிப்பதுதான் என் ஆராய்ச்சி.

செய்முறை கேட்க எளிது. செயற்கையாகச் செய்த ஒரு சின்னப் புரதத் துண்டைத் தண்ணீரில் கரைத்து, இழைகள் உண்டாகும்வரை விட வேண்டும். பிறகு மெழுகு வைத்து அடைத்த இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழல்களை நேருக்கு நேர் நிறுத்தி, நடுவில் ஒரு சொட்டைத் தொங்கவிட வேண்டும். சொட்டு உலர உலர இழைகள் ஒரே திசையில் வரிசையாகி, கடைசியில் முடி போல ஒரு குச்சி மிஞ்சும். அதன்மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால் பின்னால் வைத்த ஃபிலிமில் மேலும் கீழும் இரண்டு வில்கள் விழும். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே ஐந்து ஆங்ஸ்ட்ராமுக்குக் கொஞ்சம் குறைவான தூரம் என்பதற்கு அந்த வில்கள்தான் அத்தாட்சி; ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. பக்கவாட்டில் இன்னும் இரண்டு கறைகள், மங்கலாக. அவ்வளவுதான். ஆனால் சென்னையின் ஈரக்காற்றில் சொட்டு உலராது. உலர்ந்தால் இயந்திரம் ஓடாது. ஓடினால் இருட்டறையில் ஃபிலிம் கழுவுகிற மருந்து தீர்ந்திருக்கும். பல மாதங்கள் இப்படியே போயின.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர், அவருடைய அக்கா. கணவருக்கு தி.நகரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. அக்கா கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தைந்து வயதுக்கு முன்பே முடக்குவாதம் வந்து, கைவிரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் போனதும் கொஞ்ச நாள் உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக் கரும்பலகையில் எழுதினாராம். பிறகு அதுவும் முடியாமல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். நான் அந்த வீட்டுக்குப் போகும்போதே அவர் வீட்டோடு இருந்தார். காலையில் மூட்டுகள் இளக வெகு நேரமாகும். அதுவரை கட்டிலில் உட்கார்ந்தபடி செய்தித்தாளைப் படித்து, அதில் போட்ட சதவீதக் கணக்குகளில் எது தப்பு என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் சமையலறையில் இருந்து 'உம்' கொட்டுவேன். எங்களுக்குள் பெரிய பாசம் என்று சொல்ல மாட்டேன். ஒரே வீட்டில் களைத்துப்போன இரண்டு பெண்கள், ஒருவருக்கொருவர் தொந்தரவு கொடுக்காமல் இருந்தோம்.

ஒரு வருடம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் அக்காவின் கால்கள் வீங்க ஆரம்பித்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பிறகு முகமும் வீங்கியது. சிறுநீரில் புரதம் ஏராளமாகப் போகிறது என்று டாக்டர் சொன்னார். சிறுநீரகத்தில் ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டை வாங்கிவரப் போனவள் நான்தான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். நான் தினமும் பென்சிலால் எழுதுகிற அதே சொல் அங்கே தட்டச்சில் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று தோன்றியது.

காரணம் எனக்கே தெரியும். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் ஒரு புரதத்தை அதிகமாகச் சுரக்கும். வருடக்கணக்கில் அழற்சி தொடர்ந்தால் அந்தப் புரதம் ரத்தத்தில் நிறைந்து, அதில் ஒரு பகுதி உடைந்து இழையாகச் சேர ஆரம்பிக்கும். பழைய காசநோயில் இப்படி வரும். முடக்குவாதத்திலும் வரும். படித்திருந்தேன், எழுதியும் இருந்தேன். ஆனால் அக்காவின் வீங்கிய மூட்டுகளையும் என் ஃபிலிமையும் ஒரு நாளும் சேர்த்து யோசித்ததில்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் வீட்டை மறக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஓய்வு.

அந்தத் துணுக்கைப் பரிசோதித்த நோயியல் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. மேஜை முழுக்கக் கண்ணாடித் தகடுகள், ஓரத்தில் ஃப்ளாஸ்க். நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் தகட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். காங்கோ சிவப்பு என்ற துணிச்சாயத்தை ஏற்றியிருந்தார்கள். முதலில் எல்லாம் வெளிறிய சிவப்பாகத் தெரிந்தது. அவர் ஒரு வளையத்தைத் திருப்பினார். பின்னணி இருண்டு, சிவப்பு இருந்த இடத்தில் எல்லாம் பச்சை எழுந்தது. துளிர் இலைக்கு இருக்குமே, அந்த மாதிரிப் பச்சை. ஒழுங்காக அடுக்கிய இழைகளில் அந்தச் சாயம் வரிசையாக உட்காருவதால்தான் அந்த நிறம் வருகிறது என்று நான் எங்கள் துறையின் இளைய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"உங்களுக்கு யாரு?" என்று கேட்டார்.

"நாத்தனார்."

அவர் விளக்கை அணைத்துவிட்டு ஃப்ளாஸ்க்கில் இருந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். சேர்ந்ததைக் கரைக்க மருந்து கிடையாது, புதிதாகச் சேராமல் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் ஓரளவுக்குத்தான் என்றார். எனக்கு அது தெரியும். இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது போலிருக்கிறது.

வீட்டில் சொல்லியாக வேண்டும். கணவர் கேட்டுவிட்டுச் சட்டையைக்கூட மாற்றாமல் வெகுநேரம் பால்கனியில் நின்றார். அக்கா பதறவில்லை. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். மாவு போன்றது என்று அர்த்தம், ஆனால் மாவு இல்லை, அந்தக் காலத்தில் அயோடினை ஊற்றிப் பார்த்துவிட்டுத் தவறாக வைத்த பெயர் என்று சொன்னேன். தப்பான பெயரை யாரும் திருத்தவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். கணக்கில் அப்படியெல்லாம் விட மாட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு என் வேலையில் ஓர் அக்கறை வந்தது. அதுவரை நான் எங்கே போகிறேன் என்றுகூடக் கேட்டவரில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் ஃபிலிம்களில் உருப்படியாக வந்த ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். வளைந்த விரல்களுக்கு நடுவே செருகி, இரண்டு கையாலும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மேலே ஒரு வில், கீழே ஒரு வில், நடுவில் கறுப்பு.

"எவ்வளவு ஒழுங்கா இருக்கு" என்றார். பிறகு, "இது என்னோடது இல்லையே?"

"இல்லக்கா. இது நாங்களே பண்ணிண்ட புரதம்."

"அப்போ என்னோடதும் இப்படித்தான் இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது, இருக்கும் என்று நினைக்கிறோம் என்றேன். வெளிநாட்டில் நோயாளிகளின் உறுப்புகளிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், எங்களிடம் அப்படி எதுவும் இல்லை. எந்த உறுப்பில் அதிகம் இருக்கும் என்று கேட்டார். மண்ணீரல் என்றேன். ஃபிலிமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடம் டயாலிசிஸ் ஆரம்பித்தது. நானும் கணவரும் முறை வைத்துக்கொண்டு அடையாறில் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு அக்காவை ஆட்டோவில் அழைத்துப் போனோம். ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அக்கா கண்ணை மூடிக்கொள்வார். அங்கே இயந்திரம் ஓட ஓட நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கட்டுரை திருத்துவேன். பாதி நேரம் பேனாவைப் பிடித்தபடியே தூங்கிவிடுவேன். முடிந்து வெளியே வரும்போது அக்காவுக்கு ரத்த அழுத்தம் இறங்கி முகம் வெளுத்திருக்கும். வீட்டுக்கு வந்து அவரைப் படுக்க வைத்துவிட்டு, சாதம் வைத்து, மறுநாள் மறுபடி கிண்டி. கணவர் வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிட்டதாக ஒரு நாள் சொன்னார். மூன்று பேருமே எதையும் விரிவாகப் பேசுவதை விட்டுவிட்டோம். 'சாப்டாச்சா', 'மாத்திரை', 'நாளைக்கு யார்' என்கிற அளவில் வீடு நடந்தது.

அப்படி ஒரு பிற்பகல், டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடியே அக்கா சொன்னார்.

"நான் போனப்பறம் அதை எடுத்துப் பாரேன்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாதவள்போல "எதைக்கா?" என்றேன்.

"மண்ணீரல்னு சொன்னியே. நெருப்புல போறதுதானே. எனக்குத் தெரியப்போறதில்ல, ஆனா உனக்குத் தெரியுமோன்னோ."

"அதெல்லாம் இப்போ என்னத்துக்கு."

"இப்போ சொன்னாத்தான் உண்டு. அவனண்டையும் நானே சொல்றேன்."

சொன்னார். அன்று மாலையே, தம்பியைக் கட்டிலருகில் உட்கார வைத்துக்கொண்டு. நான் சமையலறையில் இருந்தேன். கணவர் எழுந்து கீழே போய், கடைத்தெருவில் எங்கோ சுற்றிவிட்டு, தேவையே இல்லாத ஒரு இளநீரை வாங்கிக்கொண்டு வந்தார். சிறுநீரகம் கெட்ட அக்காவுக்கு இளநீர் கூடாது என்பது அவருக்கே தெரியும். அதை மேஜைமேல் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ கேட்டியா, அவளா சொன்னாளா?"

"அக்காவேதான் சொன்னா."

"என்னால அதைப் பத்தி யோசிக்க முடியல" என்றார். மண்ணீரலை எடுத்துத் தர முடியுமா என்று அந்த நோயியல் மருத்துவரிடம் அக்காவே போன் செய்து கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

மறு வருடம், அக்னி நட்சத்திரம் முடிந்த வாரத்தில், ஆஸ்பத்திரியிலேயே அக்கா போய்விட்டார். ஏதோ தொற்று, இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். காலை நேரம். கணவர் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீக்கம் அப்படியே இருந்தது. அடுத்து என்ன செய்வது, யாரைக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, கணவரே வெளியே போய் அந்த நோயியல் மருத்துவரை அழைத்துவரச் சொல்லி, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு நாங்கள் இருவரும் தாழ்வாரத்துப் பெஞ்சில் காத்திருந்தோம். வீட்டில் உறவினர்கள் கூடிவிட்டார்கள். ஏன் இன்னும் கொண்டுவரவில்லை என்று போனில் கேட்டபோது, டாக்டர் பேப்பர் கொடுக்க நேரமாகிறது என்று கணவர் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் அப்படிக் கூசாமல் பொய் சொன்னது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தோளில் சாய்ந்துகொண்டார்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அந்த மருத்துவரிடம் போனேன். உறைபெட்டியில் வைத்திருந்ததை எடுத்து, ஐஸ் நிரப்பிய பெரிய ஃப்ளாஸ்க்கில் போட்டுக் கொடுத்தார். மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கிண்டிக்குப் போனேன். வழியெல்லாம் வேர்வை. ஆட்டோக்காரர் மழை வருமா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

இழைகளைப் பிரித்தெடுக்கிற முறை இப்படி: திசுவை உப்பு நீரில் அரைக்க வேண்டும். சுழற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி, மேலே தெளிகிற நீரைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை மறுபடி உப்பு நீரில் அரைக்க வேண்டும். மற்றப் புரதங்கள் எல்லாம் இப்படியே கழிந்துபோகும். இழைகள் அடியிலேயே கிடக்கும். மேல்நீர் சுத்தமாகத் தெளிந்த பிறகு, உப்பில்லாத, காய்ச்சி வடித்த வாலை நீரை ஊற்றினால் அப்போதுதான் அவை வண்டலை விட்டு எழுந்து நீரோடு கலக்கும். நான் சில நாட்கள் இதைச் செய்தேன். செய்யும்போது அழுகை வந்துவிடுமோ என்று பயந்திருந்தேன். வரவில்லை. தோள் வலித்தது. தெளிநீரைக் கொட்டும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் கை ஒரு கணம் நின்றது, அதுவும் அவர்தானே என்று. பிறகு கொட்டினேன். கடைசியில் வாலை நீர் ஊற்றிச் சுழற்றியபோது மேல்நீர், தண்ணீர் அதிகம் கலந்த பால்போல, லேசாக வெளுத்து நின்றது. உதவியாளரை அழைத்துக் காட்டினேன். "வந்துடுச்சா மேடம்?" என்றார். வந்துவிட்டது என்றேன். சொல்வதற்கு அவரைத் தவிர அப்போது அங்கே வேறு யாரும் இல்லை.

சொட்டைத் தொங்கவிட்டேன். உலரவே இல்லை. வெளியே மழை ஆரம்பித்திருந்தது. ஈரம் உறிஞ்சும் நீலக் குருணைகளை ஜாடியில் பரப்பி, அதற்குள் குழல்களை வைத்து மூடினேன். முதல் குச்சி முறிந்தது. அடுத்தது கோணலாக உலர்ந்தது. ஒரு வழியாக ஒன்று தேறியது. மழை வந்ததால் தொட்டியில் தண்ணீர் இருந்தது, இயந்திரம் நிற்காமல் ஓடியது. இருட்டறையில் ஃபிலிமைக் கழுவி எடுத்துப் பார்த்தால், வில்கள் இல்லை. வட்டம்தான் இருந்தது. நோயாளியின் உடம்பில் விளைந்த இழைகள், செயற்கை இழைகள்போலச் சொன்னபடி வரிசையில் நிற்கவில்லை. எல்லாத் திசையிலும் கிடந்தன. ஆனால் அந்த வட்டம் மேலும் கீழும் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. அளந்து பார்த்தேன். தூரம் அதேதான். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு.

என் நெறியாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, நல்லது, ஆனால் இன்னும் நன்றாக வரிசைப்படுத்தி ஒன்று எடுத்தால் பிரசுரிக்கலாம் என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஆய்வேட்டில் ஒரு சிறு பகுதியாக அதைச் சேர்த்தேன். அக்கா கேட்ட கேள்விக்கு அது பாதிப் பதில். அடுக்கு அதே அடுக்குதான். ஆனால் அந்தப் புரதம் உள்ளே எங்கே மடிந்து எங்கே திரும்புகிறது என்பதை அந்த வட்டம் சொல்லவில்லை. அந்தக் காலத்து ஃபிலிம் சொல்லியிருக்கவும் முடியாது. பட்டம் வாங்கியதும் வேளச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கப் போய்விட்டேன். இழைகளை மறுபடி தொடவில்லை.

அதற்கு முன்னால், ஆய்வேட்டைக் கொடுத்த வாரம், கணவர் முதல் தடவையாக ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். நானாக அழைக்கவில்லை. வங்கிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது அக்காவா?" என்றார்.

"இல்ல. அக்காவுக்கு வந்தது."

அவர் தலையாட்டினார். பிறகு, "மிச்சம் ஏதாவது இருக்கா?" என்றார்.

இருந்தது. உறைபெட்டியில் ஒரு சிறு துண்டு. அப்படிப்பட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது, வளாகத்துக்குப் பின்னால் இருந்த எரிகூண்டில்தான் போட வேண்டும். அதைச் சொன்னேன். அப்படியே செய்யலாம் என்றார். உதவியாளர் எரிகூண்டின் கதவைத் திறந்து தீ மூட்டினார். பிற்பகல் வெயில் மரங்களுக்கு அப்பால் இருந்தது. நான் அதைக் காகிதத்தோடு உள்ளே வைத்தேன். கணவர் சற்றுத் தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டுச் சரளைக் கல்லில் வெறுங்காலோடு நின்றார்.

"இன்னா மேடம், சாரு செருப்ப கழட்டிட்டாரு?" என்று உதவியாளர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அவரோட அக்கா" என்றேன்.

உதவியாளர் தான் பற்றவைத்திருந்த பீடியைக் கீழே போட்டு மிதித்தார். தீ அடங்கும்வரை மூன்று பேரும் அங்கேயே நின்றோம். பிறகு கணவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். உதவியாளருக்கு நன்றி சொல்லிவிட்டு இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். கூட்டம் இல்லாத நேரம், உட்கார இடம் கிடைத்தது. அடையாறு பாலம் வருவதற்குள் கணவர் தூங்கிவிட்டார். மயிலாப்பூர் வரும்வரை நான் அவரை எழுப்பவில்லை.